இறங்க மறுத்த கேப்

இது நீளமான பதிவு. டீயோ காபியோ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஓஹையோவில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் துப்பாக்கித் தோட்டா தயார் செய்வதைப் பார்த்தேன் என்று போன வாரம் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளைப் பார்த்தால், நாற்பது பக்கம் எழுதினால்கூட இவ்வளவு வந்திருக்காது. "சார், வீட்டிலேயா? போலீஸ் பிடிக்காதா?" என்று என் பழைய மாணவன் ஒருவன். "வாத்தியார் அமெரிக்கா போய்க் கெட்டுப்போய்விட்டார்" என்று இன்னொருவன். ஒரு தங்கை மட்டும் உருப்படியாக, "அதில் கஷ்டமான வேலை எது அண்ணா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் போலீஸ் சமாசாரம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். யாரும் இதைப் படித்துவிட்டு மாடியில் கடை விரிக்க வேண்டாம். அமெரிக்காவில் கதை வேறு. விற்காமல், சொந்தமாகச் சுடுவதற்கு மட்டும் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. கடைக்குப் போனால் அரிசி பருப்பு மாதிரி எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கிறது. நம் வீட்டுப் பெண்கள் வடாம் போடுவதுபோல அங்கே வயதானவர்கள் குளிர்காலம் முழுக்கக் கீழ்த்தள அறையில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள். எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை கிடையாது. என் மகளுக்கு அதன் பெயரைக் கேட்டாலே ஆகாது. அந்த நாட்டில் அதனால் நடக்கும் அநியாயங்களை நாமும் செய்தியில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த விவாதத்துக்கு இங்கே நான் போகவில்லை.

பெரியவருக்கு 78 வயது. ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கும் பிரிவில் இருந்து, பிறகு ஒரு தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். நான் இயற்பியல் வாத்தியார் என்று தெரிந்த நாளிலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேள்வி வைத்திருப்பார். இலை வாருகிற சாக்கில் வேலி ஓரம் வந்து நிற்பார்.

அவரிடம் இருப்பது எம்-1 கராண்ட் என்ற பழைய ராணுவ ரைஃபிள். 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. வடிவமைத்த ஜான் கராண்ட், கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். எட்டுத் தோட்டாக்களை ஒரு தகட்டுப் பிடியில் மொத்தமாகச் செருகி உள்ளே தள்ள வேண்டும். எட்டாவது சுட்டதும் காலிப் பிடி 'டிங்' என்று சத்தம் போட்டுத் தெறித்து வெளியே விழும். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி என்று ஒரு சுடுதளம் இருக்கிறது. 1907லிருந்து தேசியப் போட்டிகளுக்குப் பேர்போன இடம். இந்தப் பழைய ரைஃபிளுக்கென்றே அங்கே ஒரு போட்டி உண்டு. பெரியவர் பல வருடமாக அதற்குப் போகிறார். பரிசெல்லாம் வாங்கியதில்லை. "நடுவில் எங்காவது வருவேன், டீச்சர். வகுப்பில் கடைசி பெஞ்சும் வேண்டுமே" என்பார்.

தோட்டா என்றால் நாம் முனையில் இருக்கும் குண்டைத்தான் நினைக்கிறோம். அதில் நான்கு உறுப்பு. பித்தளைக் கூடு, அதற்குள் மருந்து, வாயில் செருகிய குண்டு, அடியில் நடுமையத்தில் ஒரு சின்னக் கிண்ணம். இந்தக் கிண்ணத்துக்குத்தான் பிரைமர் என்று பெயர். நம் ஊரில் கேப் என்றால் புரியும். சுட்டால் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப் செத்துவிடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு. விலையும் அதற்குத்தான் அதிகம். அதைப் பொறுக்கி வந்து, செத்த கேப்பைத் தட்டி எடுத்து, பழைய அளவுக்கு நெருக்கி, கழுவிக் காயவைத்து, புதுக் கேப் வைத்து, மருந்து அளந்து போட்டு, குண்டு செருகினால் மறுபடி தோட்டா. இதற்குத்தான் ரீலோடிங் என்று பெயர்.

விருதுநகர் மாவட்டத்தில் முப்பத்தி நாலு வருடம் பாடம் எடுத்தவனுக்குக் கேப் புதிதா? சிவகாசிப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டாத பிள்ளை உண்டா நம்மில்? அந்தப் பொட்டில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்புப் பாஸ்பரசும். தட்டினால், தேய்த்தால் வெடிக்கும். ரைஃபிள் கேப்பில் இன்றைக்குப் பெரும்பாலும் லெட் ஸ்டைஃப்னேட் என்ற ஈயச் சேர்மமும் அதோடு பேரியம் நைட்ரேட், ஆன்டிமனி சல்பைடும் இருக்கின்றன. சரக்கு வேறு, குணம் அதேதான். அடி விழுந்தால் தீப்பொறி. கிண்ணத்துக்குள் ஒரு குட்டிப் பட்டறைக் கல் இருக்கிறது, மூன்று கால் வைத்த முக்காலி மாதிரி. வெளியிலிருந்து ஊசி குத்தும்போது மருந்து அந்தக் கல்லுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நசுங்கி வெடிக்கிறது. தீ, கூட்டின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக உள்ளே பாய்கிறது.

இந்தக் கேப்பின் பிறப்பே ஒரு வேடிக்கை. அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் வாத்து வேட்டைப் பிரியர். அவர் காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே ஒரு தீப்பளிச்சல் தெரியும். அதைப் பார்த்துப் பறவை பறந்துவிடும். அந்த எரிச்சலில் அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கையில் எடுத்து 1807இல் காப்புரிமை வாங்கினார். பிறகு 1866இல் இரண்டு பேர் இரண்டு வகைக் கேப் செய்தார்கள். ஆங்கிலேயர் பாக்ஸர், பட்டறைக் கல்லைக் கேப்புக்குள்ளேயே வைத்தார். அமெரிக்கர் பெர்டன், அதைக் கூட்டின் அடியில் வைத்தார். அமெரிக்கர்கள் இன்று உபயோகிப்பது ஆங்கிலேயர் வகையை. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஓடியது அமெரிக்கர் வகை. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை என்பதால் செத்த கேப்பை ஊசி விட்டுத் தள்ளிவிடலாம். பெர்டன் வகையில் அது நடக்காது. வீட்டில் உட்கார்ந்து ரீலோடிங் செய்கிற பழக்கம் அமெரிக்காவில் இப்படி வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

இனி அந்தத் தங்கையின் கேள்வி. பார்க்கும் நமக்கு மருந்து அளப்பதுதான் பயங்கரமாகத் தெரியும். பெரியவருக்கு அதில் சிரமமே இல்லை. தராசு, கையேடு, முப்பது வருடப் பழக்கம். அவர் தடுமாறியது கேப் வைக்கிற இடத்தில்.

அந்த ரைஃபிளின் தோட்டாவுக்கு வைக்கும் பெரிய கேப்பின் விட்டம் சுமார் 0.210 அங்குலம். நம் கணக்கில் ஐந்தேகால் மில்லிமீட்டரும் கொஞ்சமும். அது உட்காரும் குழி, கேப்பைவிட ஒரு இம்மி சின்னதாக இருக்க வேண்டும். தலைமுடித் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம். அந்த இறுக்கம்தான் கேப்பைப் பிடித்து வைக்கிறது. குழி பெரிதானால் கேப் கழன்று விழும், புகை பின்னால் கசியும். சிறிதானால் கேப் இறங்காது. இறங்க வேண்டிய அளவும் உண்டு: அடிப்பரப்போடு சமமாக நின்றால்கூடப் போதாது, இம்மியளவு உள்ளே போயிருக்க வேண்டும்.

பெரியவர் கையில் வைத்து அழுத்தும் கருவி வைத்திருந்தார். தகரம் வெட்டும் கத்தரியைப் பிடிப்பதுபோல் பிடித்து, கட்டைவிரலால் நெம்ப வேண்டும். கேப் உள்ளே போவது விரலுக்குத் தெரியும். முதலில் ஒரு சின்ன எதிர்ப்பு, பிறகு வழுக்கல், கடைசியில் தரையைத் தொட்ட மாதிரி ஒரு நிற்பு. நான் போய் உட்கார்ந்த நாளில் ஐந்தாறு கூடு சுலபமாகப் போயிற்று. அடுத்தது போகவில்லை. முகம் சிவக்க அழுத்தினார். கேப் பாதியில் சாய்ந்து நின்றுவிட்டது. ஓரம் நசுங்கி, சீவிய பித்தளை மயிரிழையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தனியாக ஒரு டப்பாவில் வைத்தார். டப்பாவில் ஏற்கெனவே இருபதுக்கு மேல் இருந்தன.

"கை போய்விட்டது, டீச்சர்" என்றார். வலது கட்டைவிரலின் அடி மூட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "சில நாள் போகிறது, சில நாள் போகவில்லை. போன வருடம் இந்தக் கஷ்டம் இல்லை."

அவர் மகன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கிறார். நல்ல பிள்ளை. அம்மா போனபின் அப்பா இந்தக் கீழ்த்தளத்தில் தனியாக வெடிமருந்தோடு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, யாருக்குத்தான் பிடிக்கும்? "இந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள், கடையில் வாங்கிச் சுடுங்கள்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர் கேட்கவில்லை என்றதும், "அப்படியானால் மேசையில் பூட்டும் பெரிய கருவி வாங்கித் தருகிறேன், நீளமான கைப்பிடி, ஒரு விரலால் தள்ளிவிடலாம்" என்று சொல்லியிருந்தார். அதன் படம்கூட மேசையில் கிடந்தது. பெரியவர் எனக்குக் காட்டினார். வாங்குவதா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓய்வதா என்பதுதான் அவருக்கு அப்போது கேள்வி.

எனக்கு அந்தப் படம் பயமாக இருந்தது. நெம்புகோல் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! கைப்பிடி நீளமானால் நாம் கொடுக்க வேண்டிய விசை குறையும். எதிர்முனையில் விழும் விசை குறையாது, கூடும். போகாத இடத்தில் கேப்பைப் போகவைக்கும் பலம் அந்தக் கருவிக்கு உண்டு. ஆனால் கேப் என்பது நசுக்கினால் வெடிப்பதற்கென்றே செய்த பொருள் அல்லவா? அந்தக் கட்டைவிரல் வலிதான் அதுவரை அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஏன் போகவில்லை என்று தெரியாமல் விசையை மட்டும் கூட்டினால், காரணம் மறையுமே தவிர தீராது.

இதை அவரிடம் நேராகச் சொல்லவில்லை. அவர் அந்தக் கலையில் முப்பது வருடம். நான் மூன்று நாள். "சில நாள் போகிறது, சில நாள் இல்லை என்கிறீர்கள். உங்கள் கையில் வேறுபாடா, கூட்டில் வேறுபாடா என்று ஒரு சோதனை வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன். பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் கேட்பதுபோல. சிரித்தார். சரி என்றார்.

சோதனை சாதாரணம். ஐம்பது கூடு. ஒவ்வொன்றிலும் மெதுவாக அழுத்த வேண்டும். எதிர்ப்பு வந்தால் உடனே நிறுத்தி, கேப்பை வெளியே எடுத்துவிட்டு, கூட்டைத் தனியாக வைக்க வேண்டும். முக்கி அழுத்தக் கூடாது. கண்ணாடி போட வேண்டும். அவரிடம் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார். கேப்புகளை அவை வந்த அட்டைத் தட்டிலேயே வைத்து, அந்தத் தட்டை இரண்டு கை தூரம் தள்ளி வைத்தோம். நூறு கேப் கொண்ட தட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி அறை இருக்கும். காரணத்தோடுதான். ஒன்று வெடித்தால் அடுத்தது தொடரக் கூடாது. அழகாக இருக்கிறதென்று இவற்றைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பதைப்போல ஆபத்து வேறில்லை.

ஐம்பதில் முப்பத்திமூன்று வழுக்கிக்கொண்டு போயின. பதினேழு போகவில்லை.

கை தளர்ந்ததுதான் காரணம் என்றால் கடைசியில் வந்தவைதானே அதிகம் நிற்க வேண்டும்? அப்படி இல்லை. மூன்றாவது நின்றது, நான்கிலிருந்து ஒன்பது வரை போனது, பத்தும் பதினொன்றும் நின்றன. கை அப்படி மாறி மாறிச் சோர்வதில்லை.

பிறகு பதினேழையும் கவிழ்த்து வைத்து அடியில் பொறித்திருந்ததைப் படித்தோம். கூட்டின் அடியில் யார் செய்தது, எந்த வருடம் என்று இருக்கும். பதினாறில் ராணுவ முத்திரை. சிலவற்றில் எல்.சி. என்றும் 69 என்றும் இருந்தது. மிசௌரியில் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊரில் உள்ள லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலை 1969இல் செய்தது. மற்றவை எச்.எக்ஸ்.பி., கிரேக்க நாட்டில் செய்தவை. எழுத்தைப் படித்த உடனே பெரியவருக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் அவர் விளக்க வேண்டியிருந்தது.

ராணுவத் தோட்டா இயந்திரத் துப்பாக்கியிலும் ஓட வேண்டியது. அந்த அதிர்ச்சியில் கேப் பின்னால் கழன்று வந்து இயந்திரத்துக்குள் விழுந்தால் சண்டை நடுவில் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். அதனால் கேப் வைத்தபின் அதைச் சுற்றிப் பித்தளையை உட்பக்கமாக அழுத்தி ஒரு விளிம்பு கட்டிவிடுகிறார்கள். கிரிம்ப் என்று பெயர். ஈயச் சொம்பின் வாய் உள்நோக்கி மடிந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செத்த கேப்பை உள்ளிருந்து ஊசியால் தள்ளினால் வந்துவிடும். ஆனால் அந்த விளிம்பு அப்படியே நிற்கும். புதுக் கேப் வாசற்படியிலேயே தட்டும்.

இதற்கு இரண்டு வைத்தியம். விளிம்பைச் சீவி எடுப்பது ஒன்று. சுலபம், ஆனால் ஒரு சுற்று அதிகம் போனால் குழி புனலாகி, கூடு வீணாகும். இன்னொன்று, கடினமான எஃகுக் குமிழைக் குழிக்குள் அழுத்தி, பிதுங்கிய பித்தளையை வந்த வழியே ஒதுக்குவது. ஸ்வேஜிங் என்கிறார்கள். உலோகம் குறையாது, வாய் மட்டும் உருண்டு வழிவிடும். ஒரு கூட்டுக்கு ஒரு முறை செய்தால் போதும், அதன் ஆயுளுக்கும் சரி.

"அப்படியானால் இதைச் செய்யாமலா விட்டீர்கள்?" என்றேன்.

"செய்தாயிற்றே. அவள்தான் எப்போதும் செய்வாள்."

அவர் மனைவி. ஆசிரியை அல்ல, ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்தவர். துப்பாக்கி சுடுவதில் அவருக்கு விருப்பமே இல்லையாம். ஆனால் பனிக்காலத்தில் மாலையில் இவர் கீழே இருக்கும்போது மேலே தனியாக இருக்கப் பிடிக்காமல் வந்து உட்காருவாராம். சும்மா உட்காராமல் இந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாராம். வானொலி கேட்டுக்கொண்டே விளிம்பை ஒதுக்குவது அவர் வேலை. கேப் வைப்பதிலிருந்து மிச்சம் இவர் வேலை. இருபத்தைந்து வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது. செய்தவை ஒரு வாளியில், செய்யாதவை ஒரு வாளியில். காகித டேப் ஒட்டி எழுதிவைத்திருப்பாராம். இவர் "முடிந்தது" வாளியில் கைவிட்டு எடுத்துக்கொள்வார். விளிம்பைப் பார்க்க வேண்டிய தேவையே இவருக்கு வந்ததில்லை.

அந்த வாளிகள் எங்கே? மேசைக்கடியில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான் இருந்தது. மேலே அச்சடித்த சீட்டு, தோட்டாவின் அளவு எழுதி. மகன் போன வசந்தத்தில் கீழ்த்தளத்தை ஒழுங்கு செய்து கொடுத்தபோது வாங்கி வைத்தது. இரண்டு வாளிப் பித்தளையும் அதில் ஒன்றாகிவிட்டது. வெளியாள் கண்ணுக்கு எல்லாம் ஒரே பித்தளைதானே?

வாளிகளைக் கார் நிறுத்துமிடத்தில் கண்டுபிடித்தோம். பனி கரைக்கத் தூவும் உப்பு ஒன்றில், மற்றொன்றில் பழைய துணி. டேப் இரண்டிலும் அப்படியே இருந்தது. உருண்டையான அழகான கையெழுத்து. ஒன்றில் 'முடிந்தது'. மற்றதில் 'இன்னும் இல்லை'. பெரியவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் வேறு. நான் உள்ளே போய்விட்டேன்.

பதினேழாவது கூட்டை விட்டுவிட்டேனே என்று யாராவது கேட்பீர்கள். அது சாதாரணக் கம்பெனிக் கூடு, கிரிம்ப் கிடையாது. குழிக்குள் பழைய கேப்பின் சாம்பல் கெட்டியாக உறைந்திருந்தது. சுரண்டியதும் கேப் போயிற்று. ஒரே நோய்க்குறிக்கு இரண்டு நோய். ஆகவே, ஒரு காரணம் கிடைத்தவுடன் எல்லாவற்றுக்கும் அதையே சொல்லிவிட முடியாது. அவர் முன்பு ஒரு தடவை வேறொரு தொல்லையும் பட்டிருக்கிறார்: சில வகைத் தோட்டாக்களில் ஒரே அளவுக் கூட்டைச் சில கம்பெனிகள் சின்னக் குழியோடு செய்கின்றன. .308 என்ற அளவில் அப்படி உண்டு. அதில் பெரிய கேப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நடக்காது.

இதெல்லாம் வெறும் கைவலிப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். பாதியில் நின்ற கேப்தான் உண்மையான ஆபத்து. அந்தக் கராண்ட் ரைஃபிளில் குத்தும் ஊசி ஸ்பிரிங் போட்டுப் பிடித்துவைத்தது அல்ல. தளர்வாக முன்னும் பின்னும் ஓடும். ஒவ்வொரு தோட்டா உள்ளே போகும்போதும், கதவு வேகமாக அடைபடும் அதிர்ச்சியில் ஊசி முன்னால் ஓடி, கேப்பை லேசாகத் தட்டிவிட்டுத்தான் நிற்கும். சுட்டுப் பார்க்காத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் கேப்பில் ஒரு சின்னப் பொட்டு தெரியும். சரியாக உட்கார்ந்த கேப்புக்கு அந்தத் தட்டல் ஒன்றும் செய்யாது. கேப் ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கதவு பூட்டுவதற்கு முன்பே வெடிக்கலாம். சுடுகிறவர் முகம் அந்தக் கதவுக்கு எவ்வளவு பக்கம் என்று யோசியுங்கள். அந்தப் பெரிய நெம்புகோல் கருவி வந்திருந்தால், விளிம்பில் நசுங்கிய கேப்புகள் வரிசையாகத் தயாராகியிருக்கும். பார்வைக்கு ஒழுங்காகவே இருந்திருக்கும்.

அதற்குப் பெரியவர் செய்யும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கேப் வைத்த கூட்டின் அடியில் ஆள்காட்டி விரலை ஓட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்துவார். ஆடினால் கேப் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கருவி, மின்சாரம் ஒன்றும் வேண்டாம்.

நசுங்கிய கேப்போடு டப்பாவில் கிடந்த கூடுகளை என்ன செய்வது என்றும் கேட்டேன். மருந்து போடாத வெறும் கூடுகள்தான், ஆனாலும் கேப் உயிரோடு இருக்கிறது. எண்ணெயில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று பலர் சொல்வார்களாம். நம்பக் கூடாது என்றார், ஊறியபின்னும் வெடித்ததைப் பார்த்திருக்கிறாராம். சுத்தியால் தட்டி எடுப்பது, இன்னொரு தடவை அழுத்திப் பார்ப்பது இரண்டும் கிடையாது. அவர் போகும் சுடுதளத்தில் பழுதானவற்றைப் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கோவிட் காலத்தில் கேப்புக்குத் தட்டுப்பாடு வந்து, கடைக்குக் கடை அலைந்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர். ஒவ்வொன்றும் போவது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

மனைவி உபயோகித்த ஸ்வேஜிங் கருவி அலமாரியில் துணி சுற்றி இருந்தது. எடுத்து மேசையில் பூட்டினோம். பெட்டியில் இருந்த கூடுகளைக் கொட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பிரித்தோம். கொஞ்சம் பார்த்தால் கண் பழகிவிடுகிறது. செய்யாததில் குழியைச் சுற்றிக் கூர்மையாக ஒரு வளையக் கோடு. அவர் செய்ததில் வாய் உருண்டு பளபளக்கும். எந்தக் கூட்டை அந்த அம்மாள் தொட்டிருக்கிறார், எதைத் தொடவில்லை என்று எனக்கே தெரிந்தது. செய்யாதவை அறுநூற்றுச் சொச்சம் இருந்தன. மாலைக்கு நாற்பது என்று வைத்துக்கொண்டோம். நெம்புகோலை நான் தள்ளினேன், அவர் கூட்டை மாட்டிக் கழற்றினார். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும், கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. அந்தச் சாம்பலில் ஈயம் இருக்கிறது. என் மகள் என்னைப் போக விட்டதே இந்த நிபந்தனையில்தான். சட்டையை வாசலிலேயே மாற்றச் சொல்லுவாள்.

மகனிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். "உதவி செய்ய வந்தவன். அவனுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவான்." சரி என்றேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தபோது மேசைக்கடியில் பழைய வாளிகள் இரண்டும் உப்பும் துணியும் போய்ப் பித்தளையோடு நின்றன. டேப்பில் அம்மா கையெழுத்து. அவர் அதையும் பார்த்தார், பூட்டியிருந்த கருவியையும் பார்த்தார். கடைசல்காரர் பிள்ளை, புரிந்துகொள்ள நேரம் ஆகவில்லை. "நான்தான் கலந்தேனா?" என்று கேட்டார். பெரியவர், "காபி குடிக்கிறாயா?" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மகன் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த முக்காலியைக் காட்டி, "சார், கொஞ்சம் நகருங்கள்" என்றார்.

பெரியவரின் கை சரியாகிவிட்டதா என்றால், இல்லை. அது உண்மையிலேயே தேய்ந்த மூட்டுதான். விளிம்பு ஒதுக்கிய கூட்டில்கூட முப்பது, நாற்பதுக்குமேல் வலி வந்துவிடுகிறது. கடைசியில் அந்த மேசைக் கருவியையும் வாங்கினார்கள், ஆனால் நீளக் கைப்பிடியை மகன் அறுத்துக் குட்டையாக்கினார், விரலுக்கு உணர்வு தெரிய வேண்டும் என்று. பிரித்துப் பார்க்காத கூட்டை அதில் வைப்பதில்லை என்று ஒரு விதி. இரவு எட்டு மணிக்குமேல் கேப் வேலை கிடையாது என்று இன்னொரு விதி. இரண்டாவது விதி மகன் போட்டது. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது 'இன்னும் இல்லை' வாளியில் இருநூறு போல மிச்சம் இருந்தது. போட்டிக்கு இந்தக் கோடையில் மகனும் கூடப் போகிறாராம், வண்டி ஓட்ட. நீங்கள் சுட்டுப் பார்த்தீர்களா சார் என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இல்லை. அவர் கூப்பிட்டார், பார்க்க மட்டும் வருகிறேன் என்று போனேன். காதில் அடைப்பான் இருந்தும் அந்த 'டிங்' நன்றாகவே கேட்டது.